லிபரல் என்றால் இடதா, வலதா?

கேள்வி: வெளிநாட்டு அரசியல் செய்திகளைத் தமிழாக்கம் செய்கிறேன். ஆஸ்திரேலியாவின் லிபரல் கட்சியை ‘இடதுசாரி தாராளவாதக் கட்சி’ என்று எழுதிவிட்டேன். அது வலதுசாரிக் கட்சி என்று வாசகர்கள் திருத்தினார்கள். இந்தப் பிழையை எப்படித் தவிர்ப்பது?

பதில்: அமெரிக்கப் பொருளை ஆஸ்திரேலியக் கட்சிக்குப் பொருத்திவிட்டீர்கள். 1930களில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், அரசே தலையிட்டு வேலையும் ஓய்வூதியமும் தர வழிசெய்யும் தம் கொள்கையை ‘லிபரல்’ என்றார். அமெரிக்காவில் அந்தச் சொல் அப்போதுதான் இடப்பக்கம் நிலைகொண்டது. ஆஸ்திரேலியாவில் 1944இல் ராபர்ட் மென்சிஸ் லிபரல் கட்சியை உருவாக்கியதோ தொழிற்கட்சியை எதிர்கொள்ள. தனியார் தொழிலும் தனிமனித முயற்சியும்தான் அதன் அடித்தளம். ஜப்பானில் 1955இல் அமைந்த லிபரல் டெமாக்ரடிக் கட்சி பழமைவாதக் கட்சி.

ஆகவே ‘லிபரல்’ போன்ற எந்த அரசியல் அடையாளத்தைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, ‘இந்தப் பெயர் பிறந்தபோது யாரை எதிர்த்தது?’ என்பதே. டென்மார்க்கின் ‘வென்ஸ்ட்ரே’ என்ற பெயருக்கு ‘இடது’ என்று பொருள். இன்று அது மைய-வலதுசாரிக் கட்சி. 19ஆம் நூற்றாண்டில் பெருநிலக்கிழார்கள் பக்கம் நின்ற ‘வலது’ அணிக்கு எதிராக விவசாயிகள் திரண்டபோது வந்த பெயர் அது. எதிரி மறைந்த பிறகும் பெயர் தங்கிவிட்டது. ‘ரிபப்ளிகன்’ என்பதும் அப்படியே. அமெரிக்காவில் அது ஒரு வலதுசாரிக் கட்சி. ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் முடியாட்சித் தொடர்பை அறுக்க விரும்புபவர். வட அயர்லாந்தில் பிரிட்டனை விட்டு அயர்லாந்துடன் இணைய விரும்புபவர். மூவரையும் ‘குடியரசுக் கட்சியினர்’ என்று எழுதினால் செய்தியே தலைகீழாகிவிடும்.

ஆண்டையும் பாருங்கள். 1980களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்தில் ‘பழமைவாதிகள்’ எனப்பட்டவர்கள், கோர்பச்சேவின் சீர்திருத்தத்தை எதிர்த்த கம்யூனிஸ்டுகள்.

இனி தமிழுக்கே உரிய சிக்கல். இந்தியாவின் 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ‘தாராளமயம்’ என்றாலே நம் காதில் சந்தைத் திறப்பு என்றுதான் விழுகிறது. அமெரிக்க லிபரலைத் ‘தாராளவாதி’ என்று எழுதினால், அரசின் நலத்திட்டங்களை ஆதரிப்பவரைச் சந்தை ஆதரவாளராகக் காட்டிவிடும் அபாயம் உண்டு. அடிப்படை மாற்றம் கோருபவரைக் குறிக்கும் ‘ராடிக்கல்’ இன்னும் மோசம். பிரான்சின் ராடிக்கல் கட்சி (1901) நெடுங்காலம் மிதமான மையக் கட்சியாகவே இயங்கியது. அதைத் ‘தீவிரவாதக் கட்சி’ என்றால் குண்டு வைக்கும் குழு என்றே வாசகர் நினைப்பார். இத்தனைக்கும் 1907 சூரத் காங்கிரஸ் பிளவை விவரிக்கும் பழைய வரலாற்று நூல்களில் திலகரின் அணிக்குத் ‘தீவிரவாதிகள்’ என்றுதான் பெயர். ஒரே மொழிக்குள்ளேயே சொல் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது.

வேலை செய்யும் முறை இது: அடையாளம் கட்சிப் பெயராக இருந்தால் பொருள்பெயர்க்காமல் ஒலிபெயர்த்து, பக்கத்திலேயே ஒரு விளக்கத் துணுக்கு சேருங்கள்: ‘மைய-வலதுசாரிக் கட்சியான லிபரல் கட்சி’. வர்ணனையாக வந்தால் அடையாளத்தை விட்டுவிட்டுக் கொள்கையை எழுதுங்கள்: ‘வரியைக் குறைக்கக் கோருபவர்’, ‘அரசு மருத்துவக் காப்பீட்டை ஆதரிப்பவர்’. ஒரு தலைவர் எதிரியை ஏசும்போது சொன்ன ‘சோஷலிஸ்ட்’, ‘பாசிஸ்ட்’ போன்றவற்றை மேற்கோள் குறிக்குள் வைத்து, சொன்னவர் பெயரோடு தாருங்கள், உங்கள் வாக்கியமாக்கிவிடாதீர்கள். ஐரோப்பியக் கட்சி என்றால், ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் எந்தக் குழுவோடு அமர்கிறது என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெளிவு கிடைக்கும். போர்ச்சுகலின் சமூக ஜனநாயகக் கட்சி அங்கே சமூக ஜனநாயகவாதிகளோடு இல்லை, மைய-வலதுசாரி மக்கள் கட்சிக் குழுவில் இருக்கிறது.

நிறத்தை நம்பவே வேண்டாம். பிரிட்டனில் சிவப்பு தொழிற்கட்சிக்கு. அமெரிக்காவில், 2000ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து, ரிபப்ளிகன் கட்சிக்கு.