ஓடையில் நிற்பது ஆற்றுப்பாலையா, காட்டலரியா?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் எங்கள் நிலத்தை ஒட்டிய ஓடைக்குள், பாறைகளுக்கு இடையே, ஒடுங்கிய நீண்ட இலைகளுடன் ஒரு புதர் வளர்ந்திருக்கிறது. சிலர் ஆற்றுப்பாலை என்கிறார்கள். சிலர் காட்டலரி என்கிறார்கள். எப்படி இனம் காண்பது? மழைக்காலத்தில் நீர் தேங்கும் எங்கள் தாழ்வான நிலத்தில் ஆற்றுப்பாலையை வளர்க்கலாமா?

பதில்: பாறை இடுக்கில், நீரோட்டத்தின் நடுவிலேயே புதராக நிற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது காட்டலரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் நாட்டு வில்லோவான ஆற்றுப்பாலை பெரும்பாலும் கரையோர மண்ணில் வேரூன்றி, வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும்; முதிர்ந்த அடிமரத்துப் பட்டையில் நெடுக்காக ஆழமான வெடிப்புகள் தெரியும். இலையின் ஒடுக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம், நீரோரச் செடிகள் பலவற்றுக்கும் இலை அப்படித்தான். மொட்டைப் பாருங்கள்: ஆற்றுப்பாலையின் மொட்டை ஒரே ஒரு செதில் தொப்பிபோல மூடியிருக்கும். இலையின் ஓரத்தில் நுண்ணிய பற்களும், அடிப்புறத்தில் வெளிறிய சாம்பல் நிறமும் காணப்படும். காய் வெடிக்கும்போது பஞ்சு ஒட்டிய விதைகள் பறந்தால் ஐயமே வேண்டாம். காட்டலரியின் காய் மூன்று பிளவாக இருக்கும், அதில் பஞ்சு கிடையாது.

உங்கள் தாழ்வான நிலம், வெயில் விழும் இடமாக இருந்தால், ஆற்றுப்பாலைக்கு ஏற்றதே. விதை சில நாட்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடுவதால், போத்து நடுவதே நல்லது. மரம் இலையுதிர்த்து, புதுத்துளிர் விடுவதற்கு முன், விரல் பருமனுள்ள கிளைகளை ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி, தலைகீழாகிவிடாமல் கவனித்து, மூன்றில் இரண்டு பங்கு ஈரமண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். வேர்பிடிக்கும் வரை மண் காயக்கூடாது. ஆடு மாடுகள் தளிரை விரும்பிக் கடிக்கும் என்பதால் வேலி அவசியம். புதராகவே வைத்திருக்க விரும்பினால், நன்கு வேரூன்றிய பின் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். பல கிளைகள் ஒன்றாகத் துளிர்க்கும். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி என்பதால், ஒரே மரத்திலிருந்து எடுத்த போத்துகள் யாவும் ஒரே பாலினமாகவே இருக்கும். விதையும் வேண்டுமென்றால் இரண்டு வகை மரங்களிலிருந்தும் எடுத்து நடுங்கள். கிணற்றுச் சுவருக்கும் நீர்க்குழாய்களுக்கும் அருகில் மட்டும் வைக்காதீர்கள், ஈரத்தைத் தேடி வேர் அங்கே நுழைந்துவிடும்.