வெட்டி அடைத்த பழம் மறுநாளே நீர்விட்டுக் குழைவதை எப்படித் தடுப்பது?

பினாங்கில் சிறு கடை நடத்தும் நீங்கள், காலையில் வெட்டிப் பெட்டியில் அடைத்த பப்பாளி மறுநாளே குழைந்துவிடுவதாகவும், எலுமிச்சைச் சாறு தடவியும் கொய்யா பழுப்பேறுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோலாலம்பூரில் பல ஆண்டுகளாக அலுவலகங்களுக்கு வெட்டுப்பழம் கொடுத்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எலுமிச்சையில் குறையில்லை, பழத்தைக் குளிர்விக்கும் வேளைதான் பிந்திவிடுகிறது.

பறித்த பிறகும் பழம் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கத்தி பட்டதும் அந்த மூச்சு வேகமாகும்; வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் இரண்டு, மூன்று மடங்காகும். நண்பகலில் 32 பாகை வெக்கையில் கிடந்த பப்பாளியை வெட்டி, மூடி, அதன்பின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், நடுச்சதை குளிர்வதற்குள் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த நீர் பழத்தின்மேலேயே சொட்டும். தொழில் தொடங்கிய புதிதில் ஓர் அலுவலகத்திலிருந்து என் பெட்டிகள் திரும்பி வந்தன. ஒன்றைத் திறந்தபோது அடியில் நீர் தேங்கி, துண்டுகளின் முனைகள் கண்ணாடிபோல் ஊடுதெரிந்தன. அன்றிலிருந்து முழுப்பழத்தை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, துடைத்து, முந்தைய இரவே குளிரில் வைத்துவிடுகிறேன். ஓர் இரவு போதும்; முழுப் பப்பாளி பல நாள் 10 பாகைக்குக் கீழே கிடந்தால் குளிரே அதைக் கெடுத்துவிடும்.

அடுத்தது கத்தி. மழுங்கிய கத்தி சதையை வெட்டாமல் நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் திசுவறைகள் உடைந்து, உள்ளிருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. உங்கள் கொய்யாத் துண்டின் ஓரத்தைக் கவனித்தால், கத்தி அழுந்திய பக்கம்தான் முதலில் நிறம் மாறியிருக்கும். எலுமிச்சையின் புளிப்பும் வைட்டமின் சியும் இந்த நொதியைத் தடுக்குமே தவிர, நசுங்கியதைச் சரிசெய்யாது.

வெட்டிய துண்டுகளைச் சல்லடையில் சிறிது நேரம் வடியவிட்ட பிறகே அடையுங்கள். ஒவ்வொரு பழத்தையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். கலந்து வைத்தால் முதலில் கெடும் பழமே மற்றவற்றின் ஆயுளையும் முடித்துவிடும். காற்றே புகாதபடி இறுக்கினால் பழம் நொதித்து, கள் வாடை அடிக்கும்.

வெட்டியது முதல் விற்கும் வரை 5 பாகைக்கு மேல் போகவிடாதீர்கள். இதில் சுவையைவிட உடல்நலம் பெரிது: லிஸ்டீரியா போன்ற கிருமிகள் அந்தக் குளிரிலும் மெதுவாக வளரும் என்பதால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மூன்று நாளைக்கு மேல் நான் விற்பதில்லை.

‘அசாம் போய்’ எனப்படும், உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பிளம் பழத்தின் தூளைக் கொய்யாவின்மேல் தூவி அடைக்காதீர்கள். அதிலுள்ள உப்பும் சர்க்கரையும் பழத்தின் நீரை வெளியே இழுத்துவிடும். தனிச் சிறு பொட்டலமாகக் கொடுங்கள், உண்பவரே தூவிக்கொள்ளட்டும்.