வீடு, வாடகை, விதிமுறை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்பனைக்குப் போட்டு மூன்று மாதமாகிறது. பார்க்க வருவோரில் பெரும்பாலோர் சீனர்கள். முகவரோ, "கோட்டா முடிந்துவிட்டது, அவர்களுக்கு விற்க முடியாது" என்கிறார். இந்தியர் வீட்டை இந்தியருக்குத்தான் விற்க வேண்டுமா?
வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அப்படி இல்லை. எந்த இனத்தின் கோட்டா முடிந்தது என்று முதலில் முகவரிடம் கேளுங்கள்.

இந்தக் கோட்டாவை விதிக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் வந்தது. புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிற இனத்தாரும் சேர்ந்து 15 வரை இருக்கலாம். பேட்டை முழுதுக்கும் 84, 22, 12. (நமக்கு முன்பு 13, 10 என்றிருந்தது, 2010ல்தான் கூட்டினார்கள்.)

நூறு வீடுள்ள புளோக்கில் 87 வீடு சீனர்களுடையது என்று வையுங்கள். நீங்கள் சீனருக்கு விற்றால் 88 ஆகிவிடும், அனுமதி கிடைக்காது. பக்கத்து வீட்டுச் சீனர் இன்னொரு சீனருக்கு விற்றால் அதே 87தான், தடையில்லை. மாறாக, இந்தியர் வரம்பு மட்டும் நிரம்பியிருந்தால் உங்களுக்குச் சிக்கலே இல்லை. இந்தியருக்கு விற்க முடியாமல் தவிப்பவர் அந்தச் சீனர்தான். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் முகவர்களும் உண்டு.

இனவாரிப் பேட்டைகள் உருவாகாமல் தடுத்த கொள்கைதான், மறுக்கவில்லை. ஆனால் மக்கள்தொகையில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சீனர். அவர்கள் வாங்க முடியாது என்றானால் மிச்சமிருக்கும் சிலரிடம் விலையைக் குறைத்துத்தான் பேச வேண்டியிருக்கும். அந்த நட்டம் பெரும்பாலும் சிறுபான்மையினர் தலையில்தான் விழுகிறது.

வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணையும் தெருப் பெயரையும் கொடுத்தால், யார் யாருக்கு விற்கலாம் என்று தெரியும். மாதந்தோறும் ஒன்றாம் தேதி கணக்கு மாறும். ஆகவே விருப்ப உரிமைப் பத்திரம் (வீட்டை வாங்கும் உரிமையை வாங்குநருக்குத் தரும் பத்திரம்) கொடுக்குமுன் ஒருமுறை, விற்பனைக்கு வீவகவிடம் விண்ணப்பிக்குமுன் இன்னொருமுறை பாருங்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த நிரந்தரவாசிக் குடும்பம் வாங்க வந்தால், மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான வரம்பையும் பார்க்க வேண்டும்: புளோக்கில் 8 விழுக்காடு, பேட்டையில் 5. வாங்குவோரில் ஒருவர் குடிமகன் என்றால் இந்த வரம்பு பொருந்தாது.

எல்லாம் முயன்றும் வீடு போகவில்லையென்றால் வீவகவிடம் மேல்முறையீடு செய்யுங்கள். விளம்பரம் போட்ட தேதிகள், வந்த விலைகள், கைவிட்டுப்போன சீன வாங்குநர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருங்கள். 2022லிருந்து, வீட்டை 10 ஆண்டுகளாவது வைத்திருந்து, இந்த வரம்பால் விற்க முடியாமல் போனவர்களிடமிருந்து வீவகவே வாங்கிக்கொள்ளும் உதவியும் உண்டு.

கேள்வி: "இந்தியருக்கு அறை இல்லை" என்று வாடகை விளம்பரம் போடலாமா?
வாசகர், செங்காங்

பதில்: முகவர் போடக்கூடாது. இனப் பாகுபாடு காட்டும் விளம்பரத்தை, முகவர்களைக் கண்காணிக்கும் சொத்து முகவர் மன்றத்தின் வழிகாட்டி அனுமதிப்பதில்லை. விளம்பரத்தைப் படம்பிடித்து, முகவரின் பதிவெண்ணோடு மன்றத்துக்கு அனுப்புங்கள். பதிவெண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும்.