ரபி பதில் போடவில்லையா? மறுபடி எழுதுங்கள்

கேள்வி: யூத மதத்துக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். நிறையப் படிக்கிறேன். ரபி (யூத மதகுரு) ஒருவருக்கு எழுதினேன், பதிலே இல்லை. அதுவரை வாராந்திர ஓய்வு நாளான சபாத்தை நானாகவே முழுசாகக் கடைப்பிடிக்கலாமா? கடைசியில் என்னவெல்லாம் கேட்பார்கள்? (பெயர் வேண்டாம் என்று சொன்ன வாசகி)

பதில்: ஆள் சேர்க்கிற பழக்கம் யூதர்களுக்குக் கிடையாது. வருகிறவரையும் கொஞ்சம் தள்ளி நிறுத்தித்தான் பார்ப்பார்கள். நானும் அப்படி நின்றுவிட்டு உள்ளே வந்தவள்தான். 'இஸ்ரவேலர் ஒடுக்கப்பட்டுக் கிடப்பது தெரியாதா, எதைப் பார்த்து வருகிறாய்?' என்று கேட்கச் சொல்கிறது யூத சட்ட நூலான தல்மூத். 'தெரியும், அதற்குக்கூட நான் தகுதியில்லை' என்பவரை உடனே ஏற்கவும் சொல்கிறது. அதனால் மறுபடி எழுதுங்கள். ஜெப ஆலயத்துக்கு நேரில் போவதானால் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். பல இடங்களில் வாசலில் காவல் உண்டு, முன்பின் தெரியாதவரைச் சட்டென்று உள்ளே விடமாட்டார்கள்.

எந்தப் பிரிவில் சேரப்போகிறீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள். சீர்திருத்தப் பிரிவு செய்துவைக்கும் மதமாற்றத்தை, பழைய விதிகளை விடாமல் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ரபிகள் ஏற்பதில்லை. அப்படி இஸ்ரேலிலேயே மதம் மாறியவர்களைக் குடியுரிமைக்காக யூதர்களாகக் கருத வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே யூதர்களின் திருமணம் தலைமை ரபிகள் கையில். அவர்கள் இன்னும் மசியவில்லை.

சபாத்துக்கு வருகிறேன். முழுசாக வேண்டாம்! மதம் மாறாதவர் அதை முழுமையாக அனுசரிக்கக் கூடாது என்பது ஆர்த்தடாக்ஸ் விதி. அன்று தடுக்கப்பட்ட வேலைகள் 39 வகை, எழுதுவதும் அதில் ஒன்று. அவற்றில் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே செய்துவிட வேண்டும். மதம் மாறுவதற்கு முன் நான் சனிக்கிழமை மத்தியானம் ஒரு காகிதத்தில் இரண்டு எழுத்து எழுதி வைப்பேன். நாள் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்துவிட்டுப் பேனாவை எடுக்கும்போது எரிச்சலாகத்தான் வரும்.

சமையலறையையும் ஒரே நாளில் புரட்டிப் போடாதீர்கள். இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம் வேண்டும், சரி. எதைச் சுத்திகரித்து வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப்போட வேண்டும் என்று ரபி பார்த்துச் சொல்லட்டும். பொதுவாக ஒரு முழு ஆண்டின் பண்டிகைகளையாவது அனுபவித்துப் பார்க்கச் சொல்வார்கள். பஸ்கா பண்டிகைக்கு முன் வீட்டில் ரொட்டித் துணுக்குகூட இல்லாமல் துடைத்தெடுக்கும்போது தெரிந்துவிடும், இது நமக்கு ஒத்துவருமா என்று.

கடைசியில் மூன்று பேர் கொண்ட பெத் தின் (யூத மத நீதிமன்றம்) முன்னால் உட்கார வேண்டும். தத்துவத்தைவிட அன்றாடத்தைத்தான் அதிகம் கேட்பார்கள். வாழைப்பழம் சாப்பிடும் முன் எந்த ஆசி சொல்ல வேண்டும்? மரத்தின் கனிக்கு உரியது அல்ல, நிலத்தின் விளைச்சலுக்கு உரியது. அப்புறம் மிக்வே என்கிற சடங்குக் குளத்தில் முழுக்கு. உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. மோதிரம், நகப்பூச்சு, கான்டாக்ட் லென்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு முடி மேலே மிதந்தாலும் மறுபடி முங்கச் சொல்வார்கள். கூட இருப்பது பெண்தான், கூச்சம் வேண்டாம்.

கேள்வி: என் மகன் மதம் மாறத் தயாராகிறான். பிறவி யூதர்கள் அவனைச் சமமாக நடத்துவார்களா? (இன்னொரு வாசகர்)

பதில்: சட்டப்படி சமம்தான். 'எங்கள் முன்னோரின் கடவுளே' என்று நானும் ஜெபிக்கலாமா என்று மதம் மாறிய ஒபதியா கேட்டதற்கு, தாராளமாகச் சொல் என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே யூத அறிஞர் மைமோனிடெஸ் எழுதியிருக்கிறார். திருமணத்தில் ஒரு விலக்கு உண்டு: மதம் மாறிய பெண் கோஹன் எனப்படும் பரம்பரைக் குருமார் வம்சத்து ஆணை மணக்க முடியாது. உங்கள் மகனுக்கு அந்தத் தொல்லை இல்லை. விருத்தசேதனம் உண்டு. ஏற்கெனவே ஆகியிருந்தால் ஒரு துளி ரத்தத்தோடு முடிந்துவிடும். மதம் மாறியவரிடம் பழசைக் கிளறுவது பாவம் என்கிறது தல்மூத். ஆனாலும் சபாத் விருந்தில் யாராவது ஒருவர் 'ஏன் மாறினாய்?' என்று கேட்காமல் இருக்கமாட்டார். 'பெரிய கதை' என்று சொல்லிவிட்டு ரொட்டியை அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள்.