எஸ்ஜிபிடி ரீஏஜென்ட்டின் ஓ.டி. குறைகிறது, கன்ட்ரோல் சரியாக வருகிறது: பயன்படுத்தலாமா?

கேள்வி: செமி ஆட்டோ அனலைசரில் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனை) போடுகிறோம். காலாவதித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் ரீஏஜென்ட் பிளாங்க் ஓ.டி. (சீரம் சேர்க்காத ரீஏஜென்ட் ஒளியை உறிஞ்சும் அளவு) குறைந்துகொண்டே வருகிறது. கன்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனை மாதிரி) சரியாகத்தான் இருக்கிறது. தொடரலாமா?

பதில்: கன்ட்ரோலை மட்டும் நம்பித் தொடர வேண்டாம்.

நீங்கள் பார்க்கும் அந்த ஓ.டி. முழுக்க என்ஏடிஎச் தருவது. செல்லுக்குள் எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் அதே துணைநொதிதான். எலக்ட்ரானோடு இருக்கும்போது 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். கொடுத்துவிட்டு என்ஏடி ஆனதும் உறிஞ்சாது. எஸ்ஜிபிடி நொதி அலனினிலிருந்து பைருவேட்டை உண்டாக்குகிறது. ரீஏஜென்ட்டில் உள்ள எல்டிஎச் என்ற இன்னொரு நொதி, என்ஏடிஎச்சின் எலக்ட்ரான்களைக் கொண்டு அதை லாக்டேட் ஆக்குகிறது. ஓ.டி. நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் உங்கள் ரிசல்ட்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1 மில்லிமோலார் என்ஏடிஎச், 1 செ.மீ. க்யூவெட்டில் 6.22 ஓ.டி. தரும். ரீஏஜென்ட்டில் 0.18 மில்லிமோலார் இருந்தால் பிளாங்க் 1.12 வர வேண்டும். 0.56 வந்தால் பாதி போய்விட்டது. கன்ட்ரோலுக்கு அந்தப் பாதியே தாராளம், அதனால்தான் அது சரியாக வருகிறது.

சிக்கல் கல்லீரல் கடுமையாகப் பாதித்த நோயாளியிடம்தான். 1 பங்கு சீரம், 10 பங்கு ரீஏஜென்ட், 1 நிமிடம் காத்திருந்து அளவீடு என்று வையுங்கள். முழு என்ஏடிஎச்சும் இருந்தால்கூட, எஸ்ஜிபிடி 2000 யூனிட்டை நெருங்கும்போது அந்தக் காத்திருப்பு நிமிடத்திலேயே அது தீர்ந்துவிடும். பாதிதான் இருக்கிறது என்றால் 1000 யூனிட்டே போதும். அதன்பின் இறங்குவதற்கு ஓ.டி. இல்லை, மெஷின் நார்மல் என்று காட்டிவிடும். மிக அதிகமாக இருக்க வேண்டிய ரிசல்ட் நார்மலாகப் போவதுதான் இந்தச் சோதனையில் நான் மிகவும் அஞ்சும் தவறு. எனவே நோயாளியின் தொடக்க ஓ.டி.யையும் பாருங்கள். அது பிளாங்க்கைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், சீரத்தை சலைனில் 10 மடங்கு நீர்த்துத் திரும்பப் போட்டு, வருவதை 10 ஆல் பெருக்குங்கள்.

சரி, தேதிக்கு முன்பே ஏன் கெடுகிறது? என்ஏடிஎச்சுக்கு அமிலம் ஆகாது, காரத்தில் தாங்கும். (என்ஏடி இதற்கு நேர் எதிர், காரத்தில் சிதையும்.) அதனால்தான் பல கிட்களில் என்ஏடிஎச்சைத் தனி பாட்டிலில் காரத்தன்மையோடு வைத்துத் தருகிறார்கள். மூடி திறந்தே கிடந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச் இறங்கும். வெப்பமும் வெளிச்சமும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கெடும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலந்து, மீதியை 2 முதல் 8 டிகிரியில் இருட்டில் வையுங்கள். மிஞ்சியதை பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள், பழையதோடு புதியதைச் சேர்க்காதீர்கள். ஃப்ரீசரும் வேண்டாம், உறைந்த என்ஏடிஎச் கரைசலில் எல்டிஎச்சைத் தடுக்கும் பொருள்கள் உருவாகக்கூடும்.

தினமும் காலையில் தண்ணீரை வைத்து ஜீரோ செய்து, பிளாங்க் ஓ.டி.யை நோட்டில் எழுதுங்கள். கிட்டின் குறிப்புத் தாளில் குறைந்தபட்ச ஓ.டி. போட்டிருக்கும். அதற்குக் கீழே வந்த பாட்டிலை, தேதி எதுவானாலும், ஒதுக்கிவிடுங்கள்.