திறந்தவெளிச் சமையல் மேடை: வார்னிஷா, ஸ்டெயினா?

கேள்வி: வீட்டின் பின்புறம் பைன் மரத்தில் திறந்தவெளிச் சமையல் மேடை ஒன்றைக் கட்டி வருகிறேன். முன்பு செய்த தோட்டத்து பெஞ்சுக்கு நிறமற்ற வார்னிஷை மூன்று முறை அடித்தும், ஓராண்டுக்குள் அது செதில் செதிலாக உரிந்து, மரமும் கறுத்துவிட்டது. இம்முறை ஸ்டெயின் போதுமா, இல்லை விலை உயர்ந்த வார்னிஷ் வாங்க வேண்டுமா?

பதில்: மரத்துக்குள் ஊறும் எண்ணெய் வகை ஸ்டெயினையே அடியுங்கள். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவது நிற்காது. மேலே தோல்போல் படியும் வார்னிஷ் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மயிரிழையாக வெடிக்க, அவ்வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. உங்கள் பெஞ்சு கறுத்தது பெரும்பாலும் இதனால்தான். மேலும், நிறமற்ற பூச்சு புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் சிதைந்து, மேற்பரப்பு வெளிறிப் பொடியாகும். ஸ்டெயினில் உள்ள நிறமித் துகள்களே மரத்துக்குக் குடை என்பதால், சற்று அடர்ந்த நிறமாகத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, பலகையை அறுத்த முனைகளை எப்படிக் கவனிக்கிறீர்கள் என்பதே முக்கியம் என்பேன். பலகையின் அகன்ற பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரையும், அறுத்த முனையில் ஒரு சொட்டையும் விட்டுப் பாருங்கள்: முன்னது முத்தாக நிற்கும்போதே பின்னது காணாமல் போயிருக்கும். மரம் உயிரோடு இருந்தபோது நீரேற்றிய குழாய்களின் வாய்கள் அங்கேதான் திறந்திருக்கின்றன. ஆகவே சட்டங்களைப் பொருத்துவதற்கு முன்பே முனைகளுக்கு ஸ்டெயினை ஊற ஊற இரண்டு மூன்று முறை கொடுங்கள். தரையைத் தொடும் கால்களின் அடிப்பகுதியை எவரும் நினைப்பதில்லை, மரம் மக்கத் தொடங்குவதோ அங்கிருந்துதான்.

மக்காமல் இருக்க அழுத்தமூட்டி மருந்தேற்றிய மரமாக இருந்தால், அது கடையிலிருந்து ஈரத்தோடு வரக்கூடும். ஈரப்பதம் சுமார் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை நிழலில் காற்றாட அடுக்கி வையுங்கள். பிறகு 80, 120 எண் உப்புத்தாள்களால் தேய்த்தால் போதும். கண்ணாடிபோல் வழுவழுப்பாக்கினால் ஸ்டெயின் உள்ளே இறங்காது. பூசிய கால் மணி நேரத்தில் ஊறாமல் மிஞ்சியதைத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் அது பிசுபிசுப்பாகவே நிற்கும்.

அடுப்பை ஒட்டிய இடத்தில் எந்தப் பூச்சும் உதவாது. அங்கே கல், உலோகம் போன்ற எரியாத பொருளை வைத்து, அடுப்புத் தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியையும் விட்டே மரத்தைத் தொடங்க வேண்டும். காய்கறி நறுக்கும் பலகைக்கும் இந்த ஸ்டெயின் ஆகாது.

எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்றவை உலரும்போது வெப்பத்தை வெளியிடுவதால், குவித்த துணி தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூடி வையுங்கள்.