படத்தை நம்பலாமா?

கேள்வி: வடிவியல் தேர்வில் செங்கோணம் போலவே தெரிந்த ஒரு கோணத்தை 90 பாகை என்று கொண்டதால் என் மகள் மதிப்பெண் இழந்தாள். படம் அப்படித்தானே இருந்தது என்கிறாள். அவள் கேட்பது நியாயம்தானே?

பதில்: பாதி நியாயம் உண்டு. செங்கோணக் குறியோ அளவோ தரப்படாத கோணத்தைக் கண்ணளவில் முடிவுசெய்யக் கூடாது. ஆனால், படம் சரியான அளவுக்கு வரையப்பட்டதா என்பதை வினாத்தாளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு, வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை படங்கள் அளவுப்படியே உள்ளன என்கிறது; மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வோ, வடிவியல் படங்கள் அளவுப்படி இருக்க வேண்டியதில்லை என்று எச்சரித்துவிடுகிறது. இரண்டுமே நேர்மையான முறைகள்தாம்.

இதைவிட மோசமானது, இருக்கவே முடியாத உருவத்தை வரைந்து காட்டுவது. ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் (செங்கோணத்துக்கு எதிர்ப்பக்கம்) 10 செ.மீ., செங்கோண உச்சியிலிருந்து கர்ணத்துக்கு வரைந்த குத்துயரம் 6 செ.மீ. எனில் முக்கோணத்தின் பரப்பு என்ன என்ற கணக்குக்கு, படம் ஒழுங்காகத் தெரிவதால் பலரும் 30 ச.செ.மீ. என்று எழுதிவிடுவார்கள். ஆனால் செங்கோண உச்சி, கர்ணத்தை விட்டமாகக் கொண்ட அரைவட்டத்தின் மீதுதான் அமையும். அதன் ஆரமே 5 செ.மீ. என்பதால் குத்துயரம் அதைத் தாண்ட வழியில்லை. அப்படியொரு முக்கோணமே கிடையாது. (வினா தயாரித்தவர் கவராயத்தை ஒருமுறை கையில் எடுத்திருந்தால் போதும்.)

உங்கள் மகளை அந்தப் படத்தையே, கோணத்தை 80 பாகையாக்கி மறுபடி வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். கொடுக்கப்பட்ட விவரங்கள் அப்போதும் பொருந்தினால், அதைச் செங்கோணம் என்று கொள்ள ஆதாரமில்லை. வேறு எந்தக் கோணத்துக்கும் பொருந்தாமல் 90 பாகைக்கு மட்டுமே பொருந்தினால் ஆசிரியரிடம் தாராளமாக வாதாடலாம்.